சத்து மாத்திரை சாப்பிட்ட அம்மாவுக்கு டிரிப்ஸ் போடும் நிலை ஏன் வந்தது?

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 61 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாவோடு இருக்கிறார். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று டாக்டரைப் பார்த்தபோது வைட்டமின் டி குறைவாக இருக்கிறது என்று 60,000 யூனிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாரம் ஒன்று, எட்டு வாரம். கூடவே கால்சியம் மாத்திரை. சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, மகனே ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். அம்மா அதைத் தினமும் ராத்திரி ஒன்று என்று போட்டுக்கொண்டார். தீர்ந்துவிட்டது என்று சொன்னபோதெல்லாம் மகன் இன்னும் சில அட்டை அனுப்பினார். இப்படியே இரண்டரை மாதம் ஓடியது.

அதன் பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர். கடைசியில் ஒரு நாள் பேச்சு குழறி, கிழமை தெரியாமல் உளறியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் கால்சியம் 13.4, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9, வைட்டமின் டி "150-க்கு மேல்". நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து கால்சியம் 11.6. இன்னும் சோர்வு போகவில்லை.

தம்பி கேட்பது இவ்வளவுதான். வெறும் சத்து மாத்திரை இப்படிச் செய்யுமா? நிறுத்திய பிறகும் ஏன் சரியாகவில்லை? முடி கொட்டுகிறது என்று தங்கை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த முடி மாத்திரையையும் நிறுத்த வேண்டுமா? பழைய மூட்டுவலிக்கு இனி என்ன செய்வது?

நான் டாக்டர் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அரசு மருத்துவமனைகளில் 30 வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். அம்மாவின் சிகிச்சையை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் கேள்விக்குப் பதில்: செய்யும். நன்றாகவே செய்யும். உங்கள் அம்மாவுக்கு வந்தது வைட்டமின் டி மிகையால் ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போன நிலை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு தொந்தரவும் அதோடு பொருந்துகிறது.

கணக்கைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் வைட்டமின் டி போதும். நாள்தோறும் எடுத்தால் 4,000-க்கு மேல் போகக் கூடாது. அம்மா ஒரு நாளில் விழுங்கியது 60,000. அதாவது நூறு நாள் தேவையை ஒரே ராத்திரியில். டாக்டர் எழுதிய எட்டு வாரத்துக்கும் சேர்த்து மொத்தம் 4,80,000 யூனிட்தான் உள்ளே போயிருக்க வேண்டும். 75 நாளில் போனது 45 லட்சம்.

வாரம் ஒன்று என்று சரியாகப் போட்டாலே சராசரியாக நாளுக்கு 8,500 யூனிட் வருகிறது. அதுவே அந்த 4,000 எல்லைக்கு இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் அதற்கு எட்டு வாரம் என்று ஒரு முடிவுத் தேதி வைக்கிறார்கள். காலியான குளத்தை நிரப்பும் சிகிச்சை அது. நிரம்பிய பிறகும் மடையைத் திறந்தே வைத்தால் கரை உடையும். "சத்து மாத்திரை" என்ற பேரால் இதை அழைப்பதே எனக்குப் பிடிக்காது. 60,000 யூனிட் என்பது மருந்து.

அளவில் அது மிகச் சிறியது என்பதும் ஏமாற்றிவிடுகிறது. 40 யூனிட் என்றால் ஒரு மைக்ரோகிராம். 60,000 யூனிட்டின் எடை வெறும் ஒன்றரை மில்லிகிராம். ஒரு அரிசி மணியின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சத்து அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்று நம் ஊரில் படித்தவர்களே சொல்வார்கள். வைட்டமின் சி-க்கும் பெரும்பாலான பி வகைகளுக்கும் அது ஓரளவு உண்மை, அவை தண்ணீரில் கரைபவை. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது உடம்புக் கொழுப்பில் போய்ச் சேர்ந்துகொள்ளும். நம் தோல் வெயிலில் தயாரிக்கும் வைட்டமின் டி-க்கு இந்த ஆபத்து கிடையாது. அளவு மிஞ்சினால் அதே வெயில் அதை வேறு பொருளாக மாற்றிவிடும். நாளெல்லாம் கடலைக்காட்டில் குனிந்து வேலை செய்பவருக்கும் வெயிலால் வைட்டமின் டி மிகை வராது. வாய் வழியாகவோ ஊசி வழியாகவோ போவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

வைட்டமின் டி-யின் வேலை குடலிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு இழுப்பது. மிகையானால் சாப்பாட்டுக் கால்சியம் போதாமல் எலும்பிலிருந்தும் எடுக்க ஆரம்பிக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் குடலின் அசைவு மந்தமாகிறது, அதனால் மலச்சிக்கலும் குமட்டலும். நரம்பும் மூளையும் மந்தமாகின்றன, அதனால் சோர்வு, மறதி, உளறல். சிறுநீரகத்தால் தண்ணீரைத் தேக்கி வைக்க முடியாமல் போகிறது, அதனால் சிறுநீர் நிறையப் போகும், தாகம் எடுக்கும். குமட்டலால் தண்ணீரும் இறங்காது. உடம்பு வற்ற வற்ற ரத்தத்தில் கால்சியம் இன்னும் அடர்ந்து ஏறும், கிரியேட்டினினும் ஏறும். "கிட்னியில் உப்பு ஏறிவிட்டது" என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டு போகும் இந்தச் சுழலை உடைக்கத்தான் முதலில் டிரிப்ஸ் போட்டார்கள்.

கால்சியத்தின் சாதாரண அளவு 8.5 முதல் 10.5 வரை. 12 தாண்டினால் பெரும்பாலும் தொந்தரவு தெரிய ஆரம்பிக்கும். 14 தாண்டினால் உயிருக்கே ஆபத்தான அவசரம். 13.4-ல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். தள்ளிப் போடாமல் போனது நல்லது.

நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பத்து வருடத்துக்கு முன்பு பென்னாகரம் மலையடிவாரத்திலிருந்து ஒரு பாட்டி, பேரனோடு வந்தார். ஓயாத தண்ணீர்த் தாகமும் சிறுநீரும் இருந்ததால் சர்க்கரை வந்துவிட்டது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு மாதம் சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடிக்க வைத்திருக்கிறார்கள். சோதித்தால் சர்க்கரை சாதாரணம். டாக்டருக்குச் சந்தேகம் வந்து "வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வாங்க" என்றார். மறுநாள் மஞ்சப்பையில் வந்ததில் காலி அட்டைகள் மட்டும் ஒரு கட்டு. மாத்திரை வாங்கிய இடத்தில் கவர் மேல் "0-0-1" என்று எழுதியிருந்தார்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தக் குறி நன்றாகத் தெரியும்: காலை இல்லை, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. எழுதியதை அப்படியே செய்திருக்கிறார்.

நம் ஊர் முழுக்க மாத்திரைக் கணக்கு இந்த 1-0-1 எழுத்தில்தான் நடக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்பதைச் சொல்ல அதில் இடமே இல்லை. அன்றிலிருந்து நான் வாரம் ஒரு முறை மாத்திரைக்கு எண் எழுதுவதை விட்டுவிட்டேன். "உங்க ஊருல சந்தை என்னைக்கு?" என்று கேட்பேன். போச்சம்பள்ளிப் பக்கத்தவர் என்றால் ஞாயிறு. "சந்தைக்குப் போற அன்னைக்கு மட்டும் ஒண்ணு, மத்த நாள் தொடவே கூடாது" என்று சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். ஒரு மாதத்துக்கு மேல் கையில் கொடுக்கவும் மாட்டேன். தம்பி, நீங்கள் ஆன்லைனில் வாங்கியபோது இப்படி வாயால் சொல்ல ஒருவரும் நடுவில் இல்லாமல் போய்விட்டார். பெட்டி வந்தது, அம்மா பிரித்தார், மற்ற மாத்திரையைப் போலவே ராத்திரி போட்டார். அக்கறையாக அனுப்பியதுதான் இப்படி ஆகிவிட்டது என்று நீங்கள் வருந்தி எழுதியிருந்தீர்கள். அந்தப் பாரத்தை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. இந்தத் தவறு படித்தவர் வீட்டிலும் நடக்கிறது, ஆஸ்பத்திரி வார்டிலேயே நடந்தும் பார்த்திருக்கிறேன்.

இது இன்னும் சில வழிகளிலும் வருகிறது. எலும்பு டாக்டர் ஒரு பெயரில் எழுதுவார், சர்க்கரை டாக்டர் வேறு பெயரில் அதையே எழுதுவார். கால்சியம் மாத்திரைக்குள்ளும் டி3 என்ற பெயரில் இதே வைட்டமின் டி இருக்கும், புரோட்டீன் பவுடருக்குள்ளும் இருக்கும். அப்புறம் 6 லட்சம் யூனிட் ஊசி ஒன்று உண்டு. வலிக்கு ஊசி போட்டால்தான் கேட்கும் என்று நினைப்பவர்கள் அதை ஒரு இடத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த மாதம் இன்னொரு இடத்திலும் போட்டுக்கொள்வார்கள். அம்மாவுக்கு ஊசி எதுவும் போட்டார்களா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். போட்டிருந்தால் டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

சரி, நிறுத்திய பிறகும் ஏன் இறங்கவில்லை?

ரத்தத்தில் ஓடும் வைட்டமின் டி பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். குறையக் குறைய, கொழுப்பில் சேர்ந்திருப்பது மெல்ல வெளியே வந்து அந்த இடத்தை நிரப்பும். லேப் கருவி "150-க்கு மேல்" என்று மட்டும்தான் சொன்னது. உண்மையான அளவு 160-ஆ 400-ஆ என்று அந்தத் தாளில் தெரியாது. ஆகவே டிரிப்ஸால் இறங்கிய கால்சியம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஏறலாம். முழுதாக அடங்கச் சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம். 13.4 என்பது 11.6 ஆனது நல்ல திசைதான், ஆனால் வழி இன்னும் இருக்கிறது. வைட்டமின் டி அளவை அடிக்கடி பார்த்துக் காசைச் செலவழிக்க வேண்டாம். கால்சியமும் கிரியேட்டினினும்தான் முக்கியம். இப்போதைக்கு வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டியிருக்கும், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால் பயப்பட வேண்டாம். குடல் கால்சியத்தை இழுப்பதை அது குறைக்கும், எத்தனை நாள் என்று டாக்டர் சொல்வார். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கும் ஊசியும் உண்டு. அது தேவையா என்பது சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து முடிவாகும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. அம்மாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வைட்டமின் டி, கால்சியம் என்று எழுதிய எதுவும் இப்போது வேண்டாம். நெஞ்செரிச்சலுக்குச் சப்பிச் சாப்பிடும் மாத்திரைகள் சிலவற்றில் கால்சியம் கார்பனேட் இருக்கும், அதையும் பாருங்கள்.

ரத்த அழுத்த மாத்திரை ஆறு வருடமாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், பெயர் எழுதவில்லை. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் "ஹெச்" என்றோ "சிடி" என்றோ ஒட்டு இருந்தால் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்திருக்கலாம். இந்த வகை மருந்துகள் கால்சியம் சிறுநீரில் போவதைக் குறைக்கும். மற்ற நேரத்தில் அது நல்லதுகூட. அம்மாவின் இப்போதைய நிலையில் வடிகாலை அடைப்பது போல ஆகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அழுத்தம் எகிறிவிடும். இன்றே டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவராக இருந்தால் இது இன்னும் அவசரம், கால்சியம் ஏறிய உடம்பில் அது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும்.

சாப்பாட்டில் சொல்வதுதான் நம் ஊர்க்காரருக்குக் கஷ்டம். களி இல்லாமல் ஒரு நாள் போகாது என்பது எனக்கும் தெரியும். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலில் 100 மில்லிக்கு 120 தான். கால்சியம் சாதாரணமாகும் வரை களி, கூழ், பால், தயிர், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கருவாடு எல்லாவற்றையும் குறைத்து, சோறு, இட்லி, ரசம், காய் என்று போகட்டும். இது சில வாரத்துக்கு மட்டும்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் களி தின்றுதான் இப்படி ஆனது என்று நினைத்துக்கொள்வார். கேழ்வரகின் மேல் ஒரு குற்றமும் இல்லை. உடம்பு சரியானதும் களி கட்டாயம் திரும்ப வர வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இதயக் கோளாறு, கால் வீக்கம் இல்லையென்றால் பொதுவாக நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர். கிரியேட்டினின் ஏறியிருப்பதால் அளவை டாக்டரே சொல்லட்டும். மறுபடி வாந்தி, அதிகத் தூக்கம், உளறல், சிறுநீர் குறைவது, நெஞ்சுப் படபடப்பு இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்கள் ஓசூரிலிருந்து வந்து சேரும்வரை பொறுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

முடி மாத்திரை பற்றிக் கேட்டது நல்லது, பலரும் அதைச் சொல்லவே மாட்டார்கள். அதில் இருப்பது பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். உடம்புக்கு நாளுக்கு 30, 40 மைக்ரோகிராம் போதும், முடி மாத்திரைகளில் 5,000, 10,000 என்று போடுகிறார்கள். உடம்புக்கு அது பெரிய கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. கெடுப்பது லேப் ரிசல்ட்டை. பல லேப் கருவிகள் பயோட்டினையே கொக்கியாக வைத்துத்தான் ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதந்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து எழுதப்படும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் சோதனையும் பொய்யாகக் குறைவு காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. நெஞ்சுவலியோடு போனவரை "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பும் அபாயம் அது.

உங்கள் அம்மா விஷயத்தில் இதற்கு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. சில கருவிகளில் பயோட்டின் வைட்டமின் டி அளவையும் கூட்டிக் காட்டும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனைக் குறைத்துக் காட்டும். கால்சியம் சோதனை வேறு வகை, அதைப் பயோட்டின் தொடாது. 13.4 உண்மையான 13.4 தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் அடுத்த முறை ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடி மாத்திரையை நிறுத்துங்கள், நிறுத்தியதை டாக்டரிடமும் லேபிலும் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் திரும்ப ஆரம்பிக்கவே வேண்டாம். அந்த வயதில் முடி கொட்ட இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் காரணமாக இருக்கலாம், அதைப் பார்ப்பது மேல்.

மாத்திரைப் பெட்டியைப் பார்க்கும்போதே இன்னும் இரண்டு விஷயம். பாத எரிச்சலுக்கும் மரத்துப்போவதற்கும் எழுதும் நரம்பு மாத்திரைகளில் வைட்டமின் பி6 இருக்கும். தண்ணீரில் கரைவதுதான், ஆனாலும் அதிக அளவில் வெகுநாள் எடுத்தால் அதுவே பாதத்தை மரத்துப்போக வைக்கும். மரமரப்பு கூடுகிறது என்று மாத்திரையைக் கூட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கால்சியமோ இரும்போ எடுத்தால் நாலு மணி நேர இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. அஸ்வகந்தா, சீந்தில், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை இவற்றாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை, சாறு இறக்கி அடர்த்தியாக்கி அடைத்ததைச் சொல்கிறேன்.

இனி மூட்டுவலி. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அம்மாவின் வலி வைட்டமின் டி குறைவால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. வலி இருந்தது, சோதனையில் டி குறைவாக இருந்தது, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாயிற்று. 61 வயதில் முழங்கால் தேய்மானம் சாதாரணம். அதற்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சொல்லும்படியான பலன் இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், நாளுக்கு 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-ல் வெளியானது. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடம் ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு பலப்படும் என்று எதிர்பார்த்தார்கள், 2010-ல் முடிவு வந்தபோது மாத்திரை எடுத்தவர்கள்தான் அதிகம் கீழே விழுந்திருந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்குத்தான் அதிகம். வைட்டமின் டி குறைவால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைக்கும், அதே குறைவால் எலும்பு மென்மையாகிப்போன பெரியவருக்கும் வைட்டமின் டி அவசியமான மருந்து, அதை மறுக்கவில்லை. எல்லா வலிக்கும் அது மருந்தாகாது.

அதோடு நாம் இருப்பது தருமபுரி. உங்கள் ஊர்ப் பெரியவர்களின் பல்லைப் பாருங்கள், பழுப்புக் கறை எத்தனை பேருக்கு இருக்கிறது என்று. நம் இரு மாவட்டத்துப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர்த் தண்ணீரில் வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரை வருடக்கணக்காகக் குடித்தால் முதலில் பல், பிறகு எலும்பு. கழுத்தும் இடுப்பும் மூட்டும் இறுகி வலிக்கும். அதைத் தடுக்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடால் வரும் இந்த நோய்க்குப் பெயர் ஃபுளோரோசிஸ். 2013-ல் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டபோது அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்று இருந்தது. ஃபுளோரைடு உள்ள ஊரில் உணவில் கால்சியம் குறைந்தால் பாதிப்பு கூடும் என்பதால், "கால்சியம் சாப்பிடுங்கள்" என்று நாங்களே ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறோம். சொன்னது சரிதான். ஆனால் எலும்பு வலி என்றாலே கால்சியமும் டி-யும் வாங்கிப் போடும் பழக்கம் அதிலிருந்தும் வளர்ந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மா கொஞ்சம் தேறியதும் மூன்று அசைவுகளைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட முடிகிறதா, தாடையால் நெஞ்சைத் தொட முடிகிறதா, இரண்டு கையையும் மடக்கிப் பின்தலையில் வைக்க முடிகிறதா. ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்தில் களப் பணியாளர்கள் செய்து பார்ப்பவை இவைதான். முடியவில்லை என்றால் அதனாலேயே ஃபுளோரோசிஸ் என்று ஆகிவிடாது, வயதான தேய்மானத்திலும் முடியாமல் போகும். ஆனால் டாக்டரிடம் சொல்லி முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீரில் ஃபுளோரைடு அளவும் பார்க்கலாமா என்று கேட்க அது போதும். முழங்கால் தேய்மானம் மட்டும்தான் என்றால் தொடைத் தசைக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளட்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் அந்தச் சின்னப் பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்து வலி குறைந்தவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய.

இன்னொரு விஷயம், இதுபோன்ற பாதிப்பைப் பதிவு செய்ய மத்திய அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே சொல்லலாம். யாரையும் மாட்டிவிடுவதற்காக இல்லை. வாரம் ஒரு முறை மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுவிட்ட கதைகள் எவ்வளவு சேர்கிறதோ, அந்த அளவுக்கு அட்டை மேலேயே பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடச் சொல்ல ஆதாரம் சேரும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் பிடித்துவிட்டு, சமையலுக்குப் போர்த் தண்ணீரை ஊற்றும் வீடுகள் நிறைய. சோறும் குழம்பும் டீயும் அதில்தானே கொதிக்கிறது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். சிறுநீரகம் பலவீனமாக இருக்கும்போது உடம்பு ஃபுளோரைடை வெளியேற்றுவதும் குறையும் என்பதால், அம்மாவுக்கு இந்தச் சில மாதம் சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணீரே இருக்கட்டும். போர்த் தண்ணீரை ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் ஃபுளோரைடு அளவு தெரிந்துவிடும். அந்த எண்ணையும், அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைப் பெயரையும், அடுத்த கால்சியம் ரிப்போர்ட்டையும் எழுதுங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.